ஒரு குப்பி ரத்தத்தில் ஐந்தே செல்கள்: அடையாளம் ஒட்டாமல் அவற்றைப் பிரிப்பது எப்படி?

ரத்தப் பரிசோதனை முடிவுத் தாளை எல்லோரும் பார்த்திருப்போம். ஹீமோகுளோபின் இவ்வளவு, வெள்ளையணு இவ்வளவு, பிளேட்லெட் இவ்வளவு என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். டெங்கு பரவும் மாதங்களில் பிளேட்லெட் எண்ணிக்கையை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தத் தாளில் வரும் செல்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் இருக்கும். சில நோய்களில் மருத்துவருக்கு வேண்டிய செல்லோ அந்தத் தாளில் ஒரு வரியாக வரவே முடியாது. ஒரு குப்பி ரத்தம் முழுக்கத் தேடினாலும் அது ஐந்தோ பத்தோதான் கிடைக்கும். சில நேரம் ஒன்றுகூடக் கிடைக்காது.

கணக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் 400 முதல் 500 கோடி. பிளேட்லெட்டுகள் 15 முதல் 40 கோடி. வெள்ளையணுக்கள் 40 லட்சத்திலிருந்து ஒரு கோடி சொச்சம் வரை. புற்றுநோய் உடலில் பரவிவிட்ட ஒருவருக்கு, கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சுற்றும் செல்கள் அதே ஒரு மில்லிலிட்டரில் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். இத்தனை கோடிக்கு நடுவே அந்தச் சிலவற்றைப் பிடித்து, சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும்.

இப்படிச் செல்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன என்பது நமக்குத் தெரிந்து ரொம்பக் காலம் ஆகிறது. 1869-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உடலில் இருந்த கட்டிகளில் கண்ட அதே மாதிரிச் செல்கள் ரத்தத்திலும் இருந்தன. ஓரிடத்தில் தோன்றிய நோய் உடலெங்கும் எப்படிப் பரவுகிறது என்பதற்கு இது விளக்கமாகலாம் என்று எழுதி வைத்தார். அந்தச் செல்லை உயிரோடு இருக்கும் நோயாளியிடமிருந்து நம்பகமாக எடுத்து எண்ணும் கருவி மருத்துவமனைக்கு வர அதற்குப் பின் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அரிய செல் என்றால் புற்றுசெல் மட்டும் இல்லை. கருவுற்ற தாயின் ரத்தத்தில் குழந்தையின் செல்களும் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஷ்மோர்ல் 1893-இலேயே, பேறுகால வலிப்பு நோயால் இறந்த பெண்களின் நுரையீரலில் நஞ்சுக்கொடியின் செல்களைக் கண்டார். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவும் தொற்று லேசாக இருக்கும்போது அரிய செல்தான். ஒரு மைக்ரோலிட்டரில் 50 ஒட்டுண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே மைக்ரோலிட்டரில் சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சம். அதாவது லட்சத்தில் ஒன்று.

இவற்றைப் பிரிக்க முதலில் வென்ற வழி அடையாளம் ஒட்டும் வழி. ஒவ்வொரு வகைச் செல்லின் மேற்பரப்பிலும் அதற்கே உரிய சில புரதங்கள் இருக்கும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை எடுத்து, அதன் மேல் ஒரு காந்தத் துகளையோ ஒளிரும் சாயத்தையோ ஏற்றி ரத்தத்தில் கலக்குவார்கள். துகள் ஒட்டிய செல்லைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். சாயம் ஒட்டிய செல்லை லேசர் ஒளி காட்டிக்கொடுக்கும்.

2004-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்ற செல்சர்ச் என்ற கருவி இந்த முறையில் இயங்குவது. 7.5 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, எப்கேம் என்ற புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி பூசிய நுண்ணிய காந்தத் துகள்களைக் கலந்து, மாட்டியவற்றை மட்டும் பிரித்து, மறுபடியும் சாயமேற்றி எண்ணுகிறது. பரவிய மார்பகப் புற்றுநோயில் அந்த 7.5 மில்லிலிட்டருக்குள் ஐந்து அல்லது அதற்கு மேல் புற்றுசெல் இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. ஆஷ்வொர்த் கண்ட செல்லுக்கு முதன்முறையாக ஒரு நம்பகமான எண்ணிக்கை கிடைத்தது. இந்தத் துறையில் பின்னால் வந்த எல்லாக் கருவிகளும் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது இதனோடுதான்.

குறை எங்கே என்றால், ஆன்டிபாடி நமக்கு முன்பே தெரிந்த முகத்தை மட்டும்தான் தேடும். எப்கேம், எபிதீலியல் செல்களில், அதாவது உறுப்புகளின் மேற்பரப்பையும் உட்பரப்பையும் போர்த்தியிருக்கும் செல்களில் இருக்கும் புரதம். மார்பகம், குடல், புராஸ்டேட் போன்ற உறுப்புகளில் தோன்றும் பெரும்பாலான கட்டிகளில் அது உண்டு. ஆனால் கட்டியை விட்டு வெளியேறும்போது சில செல்கள் தங்கள் இயல்பையே மாற்றிக்கொள்கின்றன. பக்கத்துச் செல்லோடு பிணைந்திருக்கும் தன்மையை விட்டுவிட்டு, தனியாக நகர்ந்து போகும் தன்மையைப் பெறுகின்றன. அப்போது மேற்பரப்பில் எப்கேம் குறைந்துவிடும். பரவும் திறன் கூடிய செல்லே வலையில் மாட்டாமல் நழுவலாம் என்பது இதன் பொருள். தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா, எலும்பு, தசை போன்றவற்றில் தோன்றும் சார்கோமா ஆகியவை எபிதீலியத்தில் தோன்றுபவையே அல்ல. அவற்றுக்கு இந்த வலை முதலிலிருந்தே பொருந்தாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆன்டிபாடி ஒட்டிய செல், ஒட்டாத செல்லைப் போலவே நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிடித்த செல்லை வளர்த்துப் பார்க்கவோ, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று சோதிக்கவோ வேண்டுமானால், அதைத் தொந்தரவு செய்யாமல் எடுப்பதே நல்லது.

சரி, முகத்தைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்துப் பிரித்தால் என்ன? முறத்தில் அரிசி புடைக்கும்போது உமிக்கு யாரும் சாயம் பூசுவதில்லை. அதன் எடையும் வடிவமும் போதும், தானாகப் பிரிந்து போகிறது. செல்லுக்கும் அளவு உண்டு, மென்மை உண்டு, அடர்த்தி உண்டு. மின்புலத்தில் ஒரு நடத்தை, காந்தப்புலத்தில் ஒரு நடத்தை உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிரிப்பதுதான் அடையாளம் ஒட்டாத பிரிப்பு.

இதை நேற்று முளைத்த யோசனை என்று நினைக்க வேண்டாம். 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேக் ஃபுல்வைலர் செய்த செல் பிரிப்பான், செல்களின் பருமனை மட்டுமே வைத்துப் பிரித்தது. ஒவ்வொரு செல்லையும் ஒரு சிறு துளை வழியாக அனுப்பி, அப்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து பருமனை அளந்து, அந்தச் செல் இருக்கும் துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்தால் ஒதுக்கி வேறு குப்பியில் விழ வைத்தார். எலியின் சிவப்பணுவையும் மனிதச் சிவப்பணுவையும் கலந்து விட்டு மறுபடி பிரித்துக் காட்டினார். ஒளிரும் சாயத்தை நம்பிய கருவிகள் அதற்குப் பிறகுதான் வந்தன, வந்து துறையையே எடுத்துக்கொண்டன. இப்போது பழைய வழிக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது, காரணம் நுண்கால்வாய்ச் சிப்புகள், அதாவது மிக மெல்லிய கால்வாய்கள் அமைத்த சிறு தகடுகள்.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள தட்டு, நடுவில் குழிந்தது. தடிமன் இரண்டு மைக்ரான் சொச்சம். வெள்ளையணுக்களில் சிறிய லிம்ஃபோசைட் எட்டு மைக்ரான் அளவில் இருக்கும், பெரிய மோனோசைட் 15-ஐத் தாண்டிப் போகும். ரத்தத்தில் சுற்றும் புற்றுசெல்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மைக்ரான் வரை. ஆகவே எளிய யோசனை, எட்டு மைக்ரான் துளைகள் போட்ட ஒரு சவ்வில் ரத்தத்தை வடிகட்டுவது. 2000-ஆம் ஆண்டில் பாரிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஐசெட் முறை இதுதான். சவ்வின் மேல் தங்கியவற்றுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நோயியல் வல்லுநர் நேராகப் பார்க்கலாம். வடிகட்டியின் தொல்லை என்னவென்றால், துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தங்கிய செல்லைச் சேதமில்லாமல் திருப்பி எடுப்பதும் கடினம்.

அடைக்காத வடிகட்டி ஒன்றை 2004-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆஸ்டின், ஜேம்ஸ் ஸ்டர்ம் ஆகியோரின் குழு காட்டியது. ஒரு கால்வாய்க்குள் மைக்ரான் அளவிலான தூண்களை வரிசை வரிசையாக நட்டு, ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையிலிருந்து இம்மியளவு பக்கவாட்டில் தள்ளி வைத்தார்கள். சிறிய செல் தூண்களுக்கு இடையில் வளைந்து நெளிந்து, மொத்தத்தில் நீரோட்டத்தின் திசையிலேயே போய்விடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய செல்லால் அப்படி நெளிய முடியாது. அது ஒவ்வொரு தூணிலும் முட்டி முட்டி ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசியில் சிறியவை ஒரு வாயில், பெரியவை இன்னொரு வாயில் வெளிவரும். எந்த அளவில் பிரிக்க வேண்டும் என்பதைத் தூண்களின் இடைவெளியும் சாய்வும் தீர்மானிக்கின்றன. சிவப்பணு இதில் தன் அகலத்தைக் காட்டாமல், சாய்ந்து தன் தடிமனைக் காட்டி நழுவிவிடுவது வழக்கம். அதனால் அகலத்தை வைத்துப் போட்ட கணக்கு இங்கே பலிக்காது.

எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்தது சுருள் கால்வாய். தூண் இல்லை, சவ்வு இல்லை, காந்தம் இல்லை. வளைந்த கால்வாயும் வேகமான ஓட்டமும் மட்டுமே வேலையைச் செய்கின்றன. ஏன் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1961-இல் செக்ரே, சில்பர்பெர்க் என்ற இருவர் ஒரு விநோதமான சேதியை வெளியிட்டார்கள். நேரான உருண்டைக் குழாயில் சிறு உருண்டைகள் கலந்த திரவத்தை ஓட விட்டால், உருண்டைகள் குழாய் முழுக்கப் பரவியிருப்பதில்லை. மையத்துக்கும் சுவருக்கும் இடையே, ஆரத்தில் சுமார் 0.6 பங்கு தூரத்தில் ஒரு வளையமாகச் சேர்ந்துவிடுகின்றன. காரணம் இரண்டு விசைகள். குழாயின் நடுவில் ஓட்டம் வேகம், ஓரத்தில் மெதுவு. இந்த வேக மாற்றம் உருண்டையைச் சுவரை நோக்கித் தள்ளும். சுவரை நெருங்கியதும் சுவர் அதைத் திருப்பித் தள்ளும். இரண்டும் சமமாகும் இடத்தில் உருண்டை நிலைத்துவிடுகிறது.

இப்போது அந்தக் குழாயை வளைத்துச் சுருளாக்குங்கள். வளைவில் போகும் திரவத்தில், நடுவில் வேகமாக ஓடும் பகுதி வெளிச்சுவரை நோக்கித் தள்ளப்படும். அதை ஈடுகட்ட மேல் கீழ் ஓரங்கள் வழியாகத் திரவம் உள்சுவர் பக்கம் திரும்பி வரும். இப்படிக் கால்வாயின் குறுக்கே இரண்டு சுழல்கள் உண்டாகின்றன. 1920-களில் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் டபிள்யூ. ஆர். டீன், அதனால் இவற்றுக்கு டீன் சுழல்கள் என்று பெயர். சுருளுக்குள் போகும் ஒவ்வொரு செல்லையும் சுழல் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும். நிலைநிறுத்தும் விசைகள் ஓரிடத்தில் பிடித்து வைக்கப் பார்க்கும். யார் ஜெயிப்பது என்பது செல்லின் அளவைப் பொறுத்தது. செல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் சுழலின் இழுப்பு இரண்டு மடங்குதான் கூடும். நிலைநிறுத்தும் விசையோ ஏறக்குறைய 16 மடங்கு கூடும். அதனால் பெரிய செல் உள்சுவர் ஓரமாக ஒரே கோடாக ஓடும். சிறிய செல் சுழலோடு வெளிப்பக்கம் போய்விடும். சுருளின் முடிவில் கால்வாயை இரண்டாகப் பிரித்துவிட்டால், உள்வாயில் புற்றுசெல்கள், வெளிவாயில் பெரும்பாலான வெள்ளையணுக்கள்.

சிங்கப்பூரில் லிம் சுவீ டெக், எம்.ஐ.டி.யின் ஜோங்யூன் ஹான் ஆகியோரின் குழுக்கள் 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் செய்து காட்டினார்கள். சிப் உள்ளங்கைக்குள் அடங்கும். சிலிக்கோன் ரப்பரில் வார்த்தெடுத்த சுருள், அரை மில்லிமீட்டர் சொச்சம் அகலம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆழம். ஒரு சிரிஞ்ச் பம்ப் தவிர வேறு பெரிய கருவி வேண்டாம். ரத்தத்தில் முதலில் சிவப்பணுக்களை உப்புக் கரைசலால் உடைத்து நீக்கிவிட்டு மீதியைச் செலுத்துவார்கள். கால்வாயின் குறுக்குவெட்டைச் சரிவகமாக மாற்றிய வடிவத்தில், 7.5 மில்லிலிட்டர் ரத்தத்துக்கான வேலை சுமார் எட்டே நிமிடத்தில் முடிந்தது. செல்கள் உயிரோடு வெளிவந்தன. மெதுவாக ஓட்டினால்தான் நுணுக்கமாகப் பிரிக்க முடியும் என்று நாம் நினைப்போம். இங்கே வேகம்தான் பிரிக்கிறது, மெதுவாக ஓட்டினால் இந்த விசைகளே எழாது.

அளவுக்கு அடுத்தது மென்மை. இந்த விஷயத்தில் நம் மண்ணீரல்தான் முன்னோடி. சிவப்பணு மண்ணீரலுக்குள் ஒரு மைக்ரான் அகலமே உள்ள பிளவுகள் வழியாக நெளிந்து வெளியேற வேண்டும். எட்டு மைக்ரான் தட்டு அதில் நுழைய வேண்டுமென்றால் எவ்வளவு வளைய வேண்டும் என்று பாருங்கள். சுமார் 120 நாள் வாழ்ந்து விறைத்துப்போன அணு அங்கே மாட்டிக்கொள்ளும், விழுங்கும் செல்கள் அதை அகற்றிவிடும்.

பார்சார்டிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனக் கருவி அளவையும் மென்மையையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. படிப்படியாகக் குறுகும் இடைவெளிகள் வழியாக ரத்தம் ஓடும். வளைந்து கொடுக்கும் ரத்த அணுக்கள் கடைசிப் படியையும் கடந்துவிடும். பெரிதாகவும் வளையாமலும் இருப்பவை நின்றுவிடும். பிறகு ஓட்டத்தைத் திருப்பி விட்டால் நின்றவை கழன்று வந்துவிடும். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்க 2022 மே மாதம் இதற்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி செல்லைச் சேகரிப்பதற்கு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். சேகரித்த செல்லை வைத்து என்ன சோதனை செய்வது, அதை எப்படி நம்புவது என்பது சோதனைக்கூடம் தனியாக நிரூபிக்க வேண்டிய வேலை.

மென்மையை நம்பும் கருவிகளுக்கு, ரத்தத்தை எந்தக் குப்பியில் எடுக்கிறோம் என்பதே முக்கியமாகிவிடுகிறது. தொலைதூரத்துக்கு அனுப்பும் ரத்தத்தில் செல் கெடாமலிருக்கப் பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்ப்பார்கள். அது செல்லை விறைக்கச் செய்யும். விறைத்த வெள்ளையணுவும் குறுகிய இடைவெளியில் நின்றுவிடும். அதனால் சாதாரண ஊதா மூடிக் குப்பியில் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும் என்ற நிலை வரலாம். ஊரில் எடுத்து நகரத்துக்கு அனுப்பும் நோயாளிக்கு இது பெரிய தடை. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தச் சங்கதிக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, சோதனைக்கூடத்தில் நிற்பவருக்கோ அன்றாடத் தலைவலி.

காந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்தத் துகள் எதையும் ஒட்டாமலேயே காந்தத்தில் மாட்டும் செல் ஒன்று ரத்தத்தில் உண்டு, மலேரியா ஒட்டுண்ணி வளர்ந்த சிவப்பணு. ஒட்டுண்ணி உள்ளே உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்னும். அதில் மிஞ்சும் இரும்பு கொண்ட ஹீம் ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் அதைப் பழுப்பு நிறப் படிகமாக்கி ஓரமாக வைத்துவிடும். ஹீமோசோயின் என்ற இந்தப் படிகம் காந்தத்தால் ஈர்க்கப்படும். ஆக்சிஜன் ஏறிய சாதாரணச் சிவப்பணு ஈர்க்கப்படாது. 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தபோது அவர் துரத்திக்கொண்டிருந்தது இதே பழுப்பு நிறமியைத்தான்.

இன்று மலேரியா ஆய்வகங்களில் இது சாதாரண வேலை. காந்தத்துக்கு நடுவில் இரும்பு மணிகளோ கம்பியிழைகளோ நிரப்பிய ஒரு குழலை மாட்டி, ஒட்டுண்ணி வளர்த்த ரத்தத்தை மேலிருந்து ஊற்றுவார்கள். ஆரோக்கியமான சிவப்பணுக்கள் சிவப்பாக அடியில் வடிந்துவிடும். குழலுக்குள் பழுப்பு படர்ந்து நிற்கும். குழலைக் காந்தத்திலிருந்து வெளியே எடுத்துக் கரைசல் ஊற்றிக் கழுவினால், நுண்ணோக்கியில் பார்க்கும் இடமெல்லாம் ஒட்டுண்ணி உள்ள அணுக்களே நிறைந்திருக்கும்.

நோயாளியிடம் இது அவ்வளவு சுலபமில்லை. ஒட்டுண்ணியின் இளம் பருவத்தில், நுண்ணோக்கியில் மோதிரமாகத் தெரியும் நிலையில், படிகம் மிகக் குறைவு. அவை காந்தத்தில் நிற்காது. உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் வகையிலோ, முதிர்ந்த ஒட்டுண்ணி உள்ள அணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் வருவது பெரும்பாலும் மோதிர நிலைதான். அப்புறம் யாருக்குப் பயன்? எல்லாப் பருவமும் ரத்தத்திலேயே சுற்றும் வைவாக்ஸ் வகைக்குப் பயன். கொசுவுக்குத் தொற்றும் பருவமான காமெட்டோசைட்டுகளைத் தேடுவோருக்கும் பயன், அவற்றில் படிகம் நிறைய உண்டு. எந்த இயற்பியல் பண்பு எந்த நோயின் எந்தப் பருவத்துக்குப் பொருந்தும் என்று கேட்காமல் கருவி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஒலியும் மின்சாரமும் மீதி. மீயொலி அலைகளைக் கால்வாயின் குறுக்கே நிலையாக நிற்க வைத்தால், பெரிய செல் சிறியதைவிட வேகமாக அலையின் அமைதியான கோட்டுக்கு நகரும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாரெல் குழு இதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மின்சாரத்தில், சீரற்ற மாறுதிசை மின்புலத்துக்குள் செல் ஈர்க்கப்படுமா விலக்கப்படுமா என்பது அதிர்வெண்ணையும் செல்லுறையின் தன்மையையும் பொறுத்தது. 1951-இல் ஹெர்பர்ட் போல் இந்த நிகழ்வுக்கு டைஎலெக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயர் வைத்தார். புற்றுசெல்லின் உறை மடிப்பும் சுருக்கமுமாக இருப்பதால் அதிக மின்னூட்டத்தைத் தாங்கும். பொருத்தமான அதிர்வெண்ணில் புற்றுசெல் ஈர்க்கப்படும், ரத்த அணு விலகும். ஒரே அளவுள்ள இரு செல்களைக்கூட இது பிரிக்கக்கூடியது. ஆனால் ரத்தம் உப்புள்ள திரவம், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் முதலில் செல்களை மின்கடத்தல் குறைந்த கரைசலுக்கு மாற்றியாக வேண்டும்.

இவ்வளவும் கேட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். இன்னொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7.5 மில்லிலிட்டரில் வெள்ளையணுக்கள் சுமார் மூன்றே முக்கால் கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருவி அவற்றில் 99.9 சதவீதத்தை நீக்கிவிட்டது. பிரமாதமான வேலை. ஆனாலும் மிஞ்சுவது 37,500 வெள்ளையணுக்கள். அவற்றின் நடுவே ஐந்து புற்றுசெல்கள். அந்த ஐந்து எவை என்று சொல்ல மறுபடியும் ஆன்டிபாடிச் சாயம்தான் வேண்டும். வெள்ளையணுவில் இருக்கும் சிடி45 இல்லை, எபிதீலியல் செல்லில் இருக்கும் கெரட்டின் இருக்கிறது, உட்கரு இருக்கிறது என்று மூன்றையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அடையாளம் ஒட்டாமல் பிரிப்பது என்றால் அடையாளமே வேண்டாம் என்று பொருளில்லை. முதல் சல்லடையில் தப்பான காரணத்துக்காக எதையும் இழந்துவிடாமல் இருப்பதுதான் அதன் லாபம்.

அளவும் எப்போதும் கைகொடுக்காது. பெரிய மோனோசைட்டும் சிறிய புற்றுசெல்லும் ஒரே அளவில் இருக்கலாம். இந்தக் கருவிகளைச் செய்பவர்கள் முதலில் சோதிப்பது, ஆய்வகத்தில் வளர்த்த எம்.சி.எஃப்-7 போன்ற புற்றுசெல்களை ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் எண்ணிக் கலந்து, எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்ப்பதன் மூலம். அந்த வளர்ப்புச் செல்கள் நன்றாகக் கொழுத்தவை. நோயாளியின் ரத்தத்தில் வருபவை பல நேரம் அவற்றைவிடச் சிறியவை. ஆகவே கலந்ததில் 90 சதவீதம் திரும்பி வந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தால், நோயாளியிடமும் அதே விழுக்காடு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தத் தடைகளைப் பார்த்து, அளவை வைத்துப் பிரிப்பதையும் அடையாளம் ஒட்டுவதையும் கலந்து செய்தவர்கள் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மெஹ்மெட் டோனர், டேனியல் ஹேபர் குழுவினர். 2013-இல் வெளிவந்த அவர்களுடைய ஐசிப், தூண் வரிசையால் சிவப்பணுக்களை நீக்கி, அதே செக்ரே விளைவால் மீதிச் செல்களை ஒற்றை வரிசையில் நிறுத்தி, கடைசியில், முன்பே காந்தத் துகள் ஒட்டி வைத்த வெள்ளையணுக்களை மட்டும் காந்தத்தால் இழுத்துவிடும். அடையாளம் ஒட்டப்படுவது வேண்டாத செல்லுக்கு. புற்றுசெல் எதுவும் ஒட்டாமல் தன்பாட்டுக்கு வெளியே வரும். நல்ல யோசனை இது. வெள்ளையணுவின் முகம் நமக்கு நன்றாகத் தெரியும், அது மாறுவதில்லை. மாறுகிற முகத்தைத் தேடாமல் மாறாத முகத்தை விலக்குகிறார்கள்.

அடையாளம் ஒட்டாத முறைகள் உண்மையில் புதிய அறிவைக் கொண்டுவந்த ஓர் இடம், புற்றுசெல் கொத்துகள். இரண்டு மூன்று செல்கள் பிணைந்தபடியே ரத்தத்தில் பயணிப்பதுண்டு. இவை தனிச் செல்லைவிட அரியவை. ஆனால் 2014-இல் வந்த எலி ஆய்வு ஒன்றில், புதிய கட்டியை உண்டாக்கும் திறன் இவற்றுக்குத் தனிச் செல்லைவிட 23 முதல் 50 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பருமனோடு ஒப்பிட்டால் கொத்தின் மேற்பரப்பு சிறியது, உள்ளே இருக்கும் செல்லில் ஆன்டிபாடி ஒட்ட இடமே கிடைக்காது. வேகமாக ஓட்டினால் கொத்து உடைந்துவிடும். டோனர் குழு 2015-இல் கொத்துகளுக்கென்றே ஒரு சிப் செய்தது. முக்கோணத் தூண்கள் மூன்று மூன்றாக நிற்கும், இரண்டு தூண்களுக்கு நடுவே வரும் ஓட்டத்தை மூன்றாவது தூண் பிளக்கும். தனிச் செல் ஏதாவது ஒரு பக்கம் போய்விடும். கொத்து இரண்டு பக்கமும் இழுபட்டு நடுத்தூணில் தொங்கி நிற்கும். பரவிய மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் உள்ள நோயாளிகளில் 30 முதல் 40 சதவீதம் பேரிடம் அவர்கள் கொத்துகளைக் கண்டார்கள்.

இப்போது நோயாளியின் பக்கம் வருவோம். ரத்தத்தில் செல்லை எண்ணினால் சிகிச்சை மேம்படுமா? 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் கீமோ சுற்றுக்குப் பிறகும் புற்றுசெல் எண்ணிக்கை குறையாத மார்பகப் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு உடனே வேறு மருந்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அதனால் அவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. எண்ணிக்கை நோயின் போக்கைச் சரியாகச் சொன்னது. ஆனால் எந்த மருந்துக்கு மாறுவது என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் எண்ணினால் போதாது, செல்லைப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டி.என்.ஏ. துண்டுகளைப் படிக்கும் சோதனைகள் இப்போது மருத்துவமனைகளில் வேகமாக நுழைந்துவிட்டன. தாயின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. சுற்றுகிறது என்று 1997-இல் டென்னிஸ் லோ காட்டிய பிறகு, குழந்தையின் செல்லைப் பிடிக்கும் முயற்சிகளும் பின்தங்கிப் போயின. ஆனால் துண்டு டி.என்.ஏ.வை வளர்க்க முடியாது, அதன் மேல் மருந்தைச் சோதிக்க முடியாது. முழுச் செல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுசெல்லைக் கண்டுபிடிக்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், கருவியைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர். 7.5 மில்லிலிட்டரில் இப்படி 150 சொட்டுகள் இருக்கின்றன. அத்தனையிலும் சேர்த்து ஐந்து புற்றுசெல்கள் இருந்தால், நீங்கள் கொடுக்கும் ஒரு சொட்டில் ஒன்றாவது இருக்க ஏறக்குறைய முப்பதில் ஒரு வாய்ப்பு. இதுவும் நோய் பரவிவிட்டவருக்கு. ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவு. கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் குப்பிக்குள் வராத செல்லை அதனால் பிரிக்க முடியாது. சராசரியாகக் குப்பிக்கு ஒரு செல்தான் என்ற நிலையில், நூறு குப்பிகள் எடுத்தால் சுமார் 37 குப்பிகளில் ஒன்றுகூட இருக்காது. அந்த முடிவுகளை 'நோய் இல்லை' என்று படித்துவிடக் கூடாது.

அதனால் ஆய்வாளர்கள் சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள். பிளேட்லெட் தானத்தின்போது செய்வதைப் போல, நோயாளியின் ரத்தத்தை இயந்திரத்தின் வழியே சுழற்றி, வெள்ளையணுக்கள் உள்ள அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பிவிடுகிறார்கள். புற்றுசெல்களின் அடர்த்தியும் அந்த அடுக்கின் அடர்த்தியும் நெருக்கமாக இருப்பதால் அவையும் அதில் வந்துவிடும். இப்படி லிட்டர் கணக்கான ரத்தத்திலிருந்து தேட முடிகிறது. ஆனால் கையில் வருவது நூற்றுக்கணக்கான கோடி வெள்ளையணுக்கள் செறிந்த திரவம். அவ்வளவையும் சில மணி நேரத்துக்குள், அடைத்துக்கொள்ளாமல், செல்லைக் கொல்லாமல் ஓட்டி முடிக்கும் சிப்புகளைத்தான் இப்போது இந்தத் துறையில் பலர் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.